வானவில்லுக்கு முன்பே இருந்தவர்கள்

பெரு நாட்டில் குஸ்கோ என்று ஒரு மலைநகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் இன்கா பேரரசின் தலைநகர். முதன்முறை அங்கே போகும் வெளிநாட்டுப் பயணிகள் பலர் ஒரே விஷயத்தில் ஏமாறுவார்கள். நடுச் சதுக்கத்திலும் அரசுக் கட்டடங்களிலும் வானவில் கொடி பறக்கும். ‘அடேயப்பா, தன்பாலீர்ப்பாளர்களை இப்படிக் கொண்டாடுகிற ஊரா இது!’ என்று வியந்து படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது குஸ்கோ நகரத்தின் சொந்தக் கொடி. 1973இல் உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1978இல் நகராட்சி அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. தவந்தின்சுயு என்ற இன்கா நாட்டின் நினைவாக ஏழு பட்டைகள். (இன்காக்களிடம் அப்படியொரு கொடி இருந்ததற்குச் சான்றே இல்லை என்று பெருவின் வரலாற்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்காக ஊர்க்காரர்கள் கொடியை இறக்கிவிடவில்லை.)

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பால்புதுமையினரின் வானவில் கொடி முதலில் ஏறியதும் அதே 1978தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கொடிகள், ஒரே வருடம், ஏறக்குறைய ஒரே தோற்றம். குழப்பம் தீரட்டும் என்று 2021இல் குஸ்கோ நகராட்சி தன் கொடியின் நடுவே ஒரு பொன்னிறச் சூரியனை வைத்துக்கொண்டது.

‘பால்புதுமையினர் பூர்வகுடி மக்களோடு தோழமை கொள்வது’ என்று கேள்விப்படும்போது நம்மில் பலரும் இப்படித்தான் கற்பனை செய்கிறோம்: இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் ஒரு கொடி, நடுவில் ஒரு கைகுலுக்கல். குஸ்கோவின் இரண்டு கொடிகளுக்கு இந்தப் படம் சரி. மனிதர்களுக்குச் சரிவராது. இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். வானவில் கொடி தைக்கப்படுவதற்குப் பல நூறு வருடங்கள் முன்பே இருந்திருக்கிறார்கள்.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கையர், திருநம்பியர், ஆண், பெண் என்று திட்டமாக வகுக்க முடியாத ஊடுபால் உடலோடு பிறந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வதற்குப் பால்புதுமையினர் என்ற சொல் இப்போது தமிழில் புழங்குகிறது. எல்.ஜி.பி.டி. என்பதும் அதுதான். பூர்வகுடிகள் என்றால் வெளியிலிருந்து வந்தவர்கள் குடியேறி ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே அந்த நிலத்தில் வாழ்ந்த மக்கள். ஆஸ்திரேலியாவின் அபாரிஜினல் மக்கள், டோரஸ் நீரிணைத் தீவினர், நியூசிலாந்தின் மாவோரிகள், வட அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான இனங்கள் என்று பட்டியல் நீளும்.

எட்டுப் பட்டை ஆறான கதை

வானவில் கொடியை வடிவமைத்தவர் கில்பர்ட் பேக்கர். லின் செகர்பிளாம், ஜேம்ஸ் மெக்நமாரா, இன்னும் முப்பது பேர் அளவுக்குத் தன்னார்வலர்கள் சேர்ந்து குப்பைத் தொட்டி அளவு வாளிகளில் சாயம் காய்ச்சித் துணியை முக்கினார்கள். பொதுச் சலவையகத்தில் சாயத்துணி அலசக் கூடாது என்பதால் இரவு ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் அலசினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1978 ஜூன் 25 அன்று கொடி ஏறியது. அப்போது எட்டுப் பட்டைகள். இளஞ்சிவப்பு பாலுறவுக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு குணமாதலுக்கு, மஞ்சள் சூரிய ஒளிக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை மாயத்துக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு.

அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் அரசியல்வாதி ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார். கொடி வேண்டும் என்று கேட்பவர்கள் திடீரெனப் பெருகினார்கள். அடர் இளஞ்சிவப்புத் துணி போதுமான அளவில் கிடைக்காததால் அந்தப் பட்டை போனது. மறுவருடம், தெருவிளக்குக் கம்பங்களின் இரு பக்கமும் சரிபாதியாகப் பிரித்துத் தொங்கவிட இரட்டைப்படை எண்ணிக்கை வேண்டியிருந்தது, நீலப்பச்சையும் போனது. இன்று உலகம் முழுக்கத் தெரிகிற ஆறு பட்டைகளை முடிவுசெய்ததில் துணி இருப்புக்கும் விளக்குக் கம்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கொடியின் நிறங்களைச் சாசனம் போல எண்ணிச் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கம்பங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேக்கரின் எந்தப் பட்டையும் எந்தக் கூட்டத்தையும் குறிக்கவில்லை. உயிர், வெயில், அமைதி எல்லாம் எல்லோருக்கும் பொதுவான விஷயங்கள். பின்னால் வந்த கொடிகள்தான் ‘இந்த நிறம் இவர்களுக்கு’ என்று பேசத் தொடங்கின. 1999இல் மோனிகா ஹெல்ம்ஸ் திருநங்கையர், திருநம்பியர் போன்றோருக்காக வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளையில் ஒரு கொடி வரைந்தார். எப்படித் தலைகீழாக ஏற்றினாலும் அது சரியாகவே இருக்கும். அதைத் திட்டமிட்டே செய்தார். 2013இல் ஆஸ்திரேலியாவின் மார்கன் கார்பென்டர் ஊடுபாலினருக்காக மஞ்சள் துணியில் ஊதா வளையம் போட்டார். 2017இல் ஃபிலடெல்ஃபியா நகரம் வானவில்லின் மேலே கறுப்பு, பழுப்பு என்று இரண்டு பட்டைகளைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர் கேளிக்கை விடுதிகளிலேயே கறுப்பின மக்களுக்கு நடந்த பாகுபாடு அதற்குப் பின்னணி. மறுவருடம் டேனியல் குவேசர் இவற்றையெல்லாம் இடப்பக்கம் ஓர் அம்புமுனையாக அமைத்தார். அம்பு வலப்பக்கம் நோக்குகிறது, முன்னேற்றம் என்று பொருள். ஆனால் இன்னும் இடது ஓரத்திலேயே நிற்கிறது, போக வேண்டிய தூரம் நிறைய என்று பொருள். 2021இல் வாலன்டினோ வெக்கியெட்டி அந்த அம்புக்குள் மஞ்சளையும் ஊதா வளையத்தையும் சேர்த்தார்.

சரி, இதில் பூர்வகுடிகள் எங்கே? பழுப்புப் பட்டையில் அவர்களும் அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. அந்தப் பட்டைகள் தோலின் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களைக் குறிக்கின்றன. பூர்வகுடிகள் கேட்பது அதோடு முடிவதில்லை. பறிபோன நிலம், மீறப்பட்ட ஒப்பந்தங்கள், பேச விடாமல் அடக்கப்பட்ட மொழி, தங்களைத் தாங்களே ஆளும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. இதையெல்லாம் ஒரு பட்டைக்குள் மடித்துவைத்தால், ‘உங்களையும் சேர்த்துக்கொண்டோம்’ என்று விருந்தாளியை வரவேற்பது போல ஆகிவிடுகிறது. கொடி முதலில் ஏறிய சான் பிரான்சிஸ்கோவே ஓலோனி மக்களின் நிலம். அந்த வீட்டில் யார் விருந்தாளி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நகரத்தில், கொடி ஏறுவதற்கு மூன்று வருடம் முன்னால், 1975இல், லகோட்டா இனத்தைச் சேர்ந்த பார்பரா கேமரனும் வடக்குப் பையூட் இனத்தைச் சேர்ந்த ராண்டி பர்ன்ஸும் ‘கே அமெரிக்கன் இந்தியன்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். நியூசிலாந்தில் 1972இல் நாஹுயா தே அவெகோதுகு என்ற மாவோரிப் பெண்ணுக்கு அமெரிக்கா விசா மறுத்தது. அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதே காரணம். அந்தக் கோபத்திலிருந்துதான் அந்நாட்டின் தன்பாலீர்ப்பாளர் விடுதலை இயக்கம் கிளம்பியது. பிற்பாடு ஒரு பட்டையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் என்று இவர்களை எப்படிச் சொல்வது?

தலைமுடியை வெட்டிய அதிகாரி

1876 ஜூன் 17. அமெரிக்காவின் மொன்டானாவில் ரோஸ்பட் ஓடைக்கரையில் ஒரு சண்டை. அதில் க்ரோ இனத்தின் ஓஷ்-டிஷ் என்பவரும் கலந்துகொண்டார். ஆணுடலோடு பிறந்து, பெண்களின் உடையணிந்து, பெண்களின் கைத்தொழில் செய்து வாழ்ந்தவர். தோல் வேலைக்கும் தையலுக்கும் பெயர் பெற்றவர். க்ரோ மொழியில் இப்படிப்பட்டவர்களை ‘படே’ என்பார்கள். வெட்கமோ மறைவோ இல்லாத, ஊரறிந்த ஓர் இடம் அவர்களுக்கு இருந்தது.

1890களில் அந்தப் பகுதிக்கு வந்த அரசு அதிகாரி ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. படேக்களைப் பிடித்து அடைத்தார். முடியை வெட்டினார். ஆண் உடையை மாட்டிவிட்டார். மரம் நடுவது போன்ற ‘ஆண் வேலை’ செய்ய வைத்தார். க்ரோ மக்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுடைய தலைவர் பிரிட்டி ஈகிள் நேரே அந்த அதிகாரியிடம் வந்து, எங்கள் நிலத்தை விட்டுப் போ என்று சொல்லிவிட்டார் என்பது க்ரோ மக்களிடம் வாய்மொழியாக வந்து பின்னர் பதிவான செய்தி.

தோழமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கொடி இல்லை, பேரணி இல்லை. தன் ஆட்களில் ஒரு சிலருடைய தலைமுடிக்காக ஒரு தலைவர் அரசாங்கத்தோடு மோதுகிறார்.

ஓஷ்-டிஷ் ஒருவர் மட்டும் இல்லை. நியூ மெக்ஸிகோவின் ஸூனி மக்களிடையே வாழ்ந்த வீவா, நெசவிலும் மட்பாண்டத்திலும் கைதேர்ந்தவர். ‘லமானா’ என்று ஸூனிகள் அழைத்த பிரிவைச் சேர்ந்தவர். 1886இல் வாஷிங்டன் போய் ஆறு மாதம் தங்கி, குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்டையும் சந்தித்தார். ஸூனிப் பெண்மணி ஒருவர் வந்திருக்கிறார் என்றே நகரத்தார் நினைத்தார்கள்.

எல்லாக் கதைகளும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 1513இல் ஸ்பானியத் தளபதி பால்போவா, இன்றைய பனாமாவில், பெண்ணுடையில் இருந்த சுமார் நாற்பது பேரை வேட்டை நாய்களுக்குப் பலிகொடுத்தார். பிற்கால ஐரோப்பியச் செதுக்கோவியம் ஒன்றில் இந்தக் காட்சி இருக்கிறது. பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோன சட்டப் பெட்டியில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் பிரிவும் இருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் போட்டார்கள். கனடாவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அங்கே முதல் வேலை முடிவெட்டு. அப்புறம் ஆண்பிள்ளை ஒரு பக்கம், பெண்பிள்ளை ஒரு பக்கம். நடுவில் நிற்பவர்களுக்கான சொற்கள் அந்தக் குழந்தைகளின் மொழிகளிலேயே இருந்தன. அந்த மொழியைப் பேசினால் தண்டனை.

ஆக நிலத்தைப் பிடுங்கியதும் படேக்களின் முடியை வெட்டியதும் தனித்தனிக் கைகள் இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் தோழமை ஏன் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதைப் படித்துவிட்டு, ஐரோப்பியர் வருவதற்கு முன் பூர்வகுடிகள் எல்லோருமே பால்புதுமையினரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நூற்றுக்கணக்கான சமூகங்கள், நூற்றுக்கணக்கான வழக்கங்கள். இன்றைக்கும் அப்படித்தான். நவாஹோ மொழியில் ‘நாட்லேஹி’ என்று இவர்களுக்கு ஒரு பழைய சொல்லே உண்டு. ஆனாலும் அமெரிக்காவுக்குள் தன்னாட்சி நடத்தும் நவாஹோ நாட்டின் மன்றம் 2005இல், தன் தலைவரின் மறுப்பாணையையும் மீறி, தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பக்கம் ஒரேகன் மாநிலத்தில் கோக்வில் இனம் 2008இலேயே தன் சொந்தச் சட்டத்தில் அப்படிப்பட்ட திருமணத்தை ஏற்றுக்கொண்டது. அவர்களைச் சுற்றியிருந்த ஒரேகன் மாநிலம் அங்கே வந்து சேர 2014 ஆயிற்று. பூர்வகுடிகளையும் நல்லவர், முரடர், முன்னோடி, பழமைவாதி எல்லாம் கலந்த சாதாரண மனிதர்களாகப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

எழுத்து வரிசையும் ஒரு கொடிதான்

1990இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பூர்வகுடிப் பால்புதுமையினர் கூடினார்கள். அதுவரை மானுடவியல் நூல்களில் தங்களைக் குறிக்கப் புழங்கிய சொல், இழிவான பொருள் கொண்ட ஓர் ஐரோப்பியச் சொல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘டூ ஸ்பிரிட்’ என்று தங்களை அழைத்துக்கொள்ள முடிவுசெய்தார்கள். அனிஷினாபே மொழியின் ‘நீஜ் மனிதோவக்’, அதாவது இரண்டு ஆன்மாக்கள், என்பதிலிருந்து வந்தது. இனத்துக்கு இனம் சொல் வேறு என்றாலும் எல்லோரும் சேர்ந்து நிற்கும்போது சொல்லிக்கொள்ள ஒரு பொதுப்பெயர். இதை ‘திருநங்கை’ என்றோ ‘தன்பாலீர்ப்பாளர்’ என்றோ மொழிபெயர்க்க முடியாது. பாலினம், ஈர்ப்பு, சடங்கில் வகிக்கும் இடம், ஊருக்குச் செய்யும் பணி எல்லாம் கலந்த சொல் அது. பூர்வகுடி அல்லாதவர்கள் ‘எனக்குள்ளும் இரண்டு ஆன்மா’ என்று எடுத்து மாட்டிக்கொள்வது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்காமல் போவதில் நியாயம் இருக்கிறது.

மாவோரி மொழியில் ‘தகதாபுயி’. ஒரே பாலைச் சேர்ந்த நெருங்கிய துணை என்று பழைய அகராதி பொருள் சொல்கிறது. தூதானெகாய் என்ற பெயர்பெற்ற காதல் நாயகனுக்கு ஹினெமோவா என்ற காதலி மட்டுமில்லை, திகி என்ற இப்படியொரு துணையும் இருந்ததாக மரபுக்கதை பேசுகிறது. 1970, 80களில் அந்தச் சொல்லைத் தேடியெடுத்துத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் மேலே சொன்ன விசா மறுக்கப்பட்ட பெண்மணியும் ஒருவர். ஆஸ்திரேலியாவிலோ வேறு கதை. அங்கே அபாரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவுத் திருநங்கையர் ‘சிஸ்டர்கேர்ள்’, திருநம்பியர் ‘பிரதர்பாய்’. ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் உறவுமுறை தொனிக்கிற மாதிரி தங்களுக்கென்று திருப்பிக்கொண்டவை.

கனடாவின் மத்திய அரசு 2022இல் வெளியிட்ட செயல்திட்டத்தில் எல்.ஜி.பி.டி. என்ற எழுத்துகளுக்கு முன்னால் ‘2எஸ்’ என்று சேர்த்தது. டூ ஸ்பிரிட்டுக்கான குறி. வாலில் ஒட்டாமல் தலையில் வைத்ததற்குக் காரணமும் சொன்னது: அந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள் அவர்கள்தாம். ஒரு பட்டையைச் சேர்ப்பதற்கும் வரிசையை மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. அதற்கு மூன்று வருடம் முன்பு, காணாமல்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய கனடாவின் தேசிய விசாரணை 231 கோரிக்கைகளோடு அறிக்கை தந்தபோது, டூ ஸ்பிரிட் மக்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. எழுத்து வரிசை எளிது. அந்த 231ஐச் செய்துமுடிப்பது கடினம்.

கேப்டன் குக் வேடத்தில் ஒருவர்

கொடி என்றாலே பூர்வகுடிகளுக்கு ஒரு கசப்பு உண்டு. 1770இல் கேப்டன் ஜேம்ஸ் குக் ஒரு சிறு தீவில் பிரிட்டிஷ் கொடியை நட்டு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதும் எங்கள் மன்னருடையது என்றார். அங்கே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1788 ஜனவரி 26 அன்று சிட்னியில் இன்னொரு கொடி ஏறியது, குடியேற்றம் தொடங்கியது. (2004இல் சில ஆஸ்திரேலியத் தன்பாலீர்ப்பாளர்கள், திருமண உரிமை மறுக்கப்பட்டதற்கு எதிர்ப்பாக, ஆளில்லாத பவளக்கடல் தீவொன்றில் வானவில் கொடியை நட்டுத் தனி ராஜ்யம் அறிவித்தார்கள். அரைக் கேலி, அரைப் போராட்டம். ஆனாலும் ‘நட்டால் எனக்கு’ என்ற அந்தப் பழைய பழக்கத்தை அவர்கள் யோசித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.)

இந்தப் பின்னணியோடு சிட்னியில் பால்புதுமையினர் நடத்தும் மார்டி கிரா ஊர்வலத்தைப் பார்க்க வேண்டும். முதல் ஊர்வலம் 1978 ஜூன் 24. சான் பிரான்சிஸ்கோவில் கொடி ஏறியதற்கு முந்தின நாள்! தற்செயல் இல்லை. தங்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுங்கள் என்று சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். சிட்னி கேட்டது. காவல் துறை 53 பேரைக் கைதுசெய்தது. இன்றைய பிரம்மாண்ட விழாவின் தொடக்கமே ஒரு தோழமைச் செயல்தான்.

பத்து வருடம் கழித்து, 1988இல், வெள்ளையர் குடியேறிய 200ஆம் ஆண்டை ஆஸ்திரேலிய அரசு தடபுடலாகக் கொண்டாடியது. அந்த வருட மார்டி கிராவில் முதன்முறையாக ஓர் அபாரிஜினல் ஊர்தி வந்தது. தலைமை தாங்கியவர் மால்கம் கோல் என்ற நடனக் கலைஞர். அவர் போட்ட வேடம் கேப்டன் குக்! படகில் நிமிர்ந்து நிற்கிறார், வெள்ளைக்காரர்கள் அந்தப் படகை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இருநூறு வருட வரலாற்றை ஒரே படகில் ஏற்றிக் கவிழ்த்த மாதிரி. பட்டையும் நிறமும் சேர்ப்பதைவிட இது எனக்குப் பிடிக்கிறது. தோழமையில் சிரிப்புக்கும் இடம் உண்டு என்று காட்டியவர் அவர். இழுத்தவர்களையும் மறக்க வேண்டாம். சிரிப்பு தங்கள் மேல்தான் என்று தெரிந்தே கயிற்றைப் பிடித்தவர்கள் அவர்கள்.

2017இல் ஆஸ்திரேலியாவின் வட கோடியிலுள்ள டிவித் தீவுகளிலிருந்து சிஸ்டர்கேர்ள்கள் ஒரு குழுவாகப் பணம் திரட்டிக்கொண்டு சிட்னி வந்து மார்டி கிராவில் நடந்தார்கள். 2023இல் பால்புதுமையினரின் உலகப் பெருமித விழா சிட்னியில் நடந்தபோது பூர்வகுடிகளுக்கென்று தனிக் கூடுமிடம் ஒன்றை அமைத்தார்கள். பெயர் சிட்னியின் பூர்வகுடிகளான கடிகல் மக்களின் மொழியில்: ‘மர்ரி மாடுங் புட்புட்’, துணிந்த பல நெஞ்சங்கள். மார்ச் 5 அன்று ஏறத்தாழ 50,000 பேர் துறைமுகப் பாலத்தைக் கடந்து நடந்தார்கள்.

யாருடைய வட்டம்?

ஆஸ்திரேலியப் பேரணிகளில் வானவில்லின் மேல் ஒரு மஞ்சள் வட்டத்தையோ, கறுப்பு-சிவப்புப் பின்னணியையோ சேர்த்த கொடிகளைப் பார்க்கலாம். அந்த வட்டம் அபாரிஜினல் கொடியிலிருந்து வந்தது. லுரிட்ஜா இனத்தைச் சேர்ந்த ஹெரால்டு தாமஸ் வரைந்த கொடி. 1971 ஜூலை 12 அன்று அடிலெய்டில் முதலில் ஏறியது. கறுப்பு மக்களுக்கு, சிவப்பு மண்ணுக்கு, மஞ்சள் சூரியனுக்கு. வட அமெரிக்காவில் வானவில்லின் மேல் இறகுகள் வரைந்த டூ ஸ்பிரிட் கொடிகள் உண்டு.

இப்படிக் கலப்பது சரியா? யார் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பேன். பேக்கர் தன் வானவில் கொடிக்கு வணிக உரிமை எதுவும் பதிவுசெய்யவில்லை. எல்லோருக்கும் பொது என்று விட்டுவிட்டார். தாமஸின் கொடிக்கு நேரெதிர் கதை. அதன் பதிப்புரிமை பல்லாண்டுகள் அவரிடமே இருந்தது. அதை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமம் சில தனியார் கைக்குப் போய், அபாரிஜினல் மக்களே தங்கள் கொடியைச் சட்டையில் அச்சடிக்க அனுமதி வாங்க வேண்டிய நிலை வந்தது. கடைசியில் 2022இல் அரசு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. எனவே இன்று சட்டையில் அச்சடிக்கச் சட்டம் யாரையும் தடுக்காது. ஆனாலும் தன் வானவில்லின் மேல் தன் வட்டத்தை வரைகிற சிஸ்டர்கேர்ளும், விற்பனைக்காக அதையே அச்சடிக்கிற நிறுவனமும் ஒன்றில்லை. புதிதாக இந்த விஷயத்துக்கு வருகிறவர்கள், அந்த ஊர்ப் பூர்வகுடிகள் எந்தக் கொடியை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களோ அதை வைத்துக்கொண்டால் போதும். தனியாக இரண்டு கொடிகளை அருகருகே பிடிப்பதும் நல்ல வழிதான்.

அருகருகே என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வட அமெரிக்காவின் ஹோடினோஷோனி மக்களிடம் வாம்பம் என்ற மணிப்பட்டைகள் உண்டு. ஒப்பந்தங்களை அவற்றில்தான் கோத்துவைத்தார்கள். டச்சுக்காரர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நினைவாக அவர்கள் காக்கும் பட்டையில் வெள்ளை மணிகளுக்கு நடுவே இரண்டு ஊதா வரிகள் இணையாக ஓடும். ஒரு வரி அவர்களுடைய ஓடம், மற்றது வந்தவர்களின் கப்பல். ஒரே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் போகலாம், ஆனால் ஒருவர் மற்றவரின் துடுப்பைப் பிடிக்கக் கூடாது. தோழமைக்கு இதைவிடத் தெளிவான கொடியை நான் பார்த்ததில்லை.

துடுப்பைப் பிடிக்காமல் கூடவே போவது நடைமுறையில் எப்படி இருக்கும்? 2016இல் வடக்கு டகோட்டாவின் ஸ்டாண்டிங் ராக்கில் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்து லகோட்டாக்களும் டகோட்டாக்களும் முகாமிட்டபோது, அதற்குள்ளேயே டூ ஸ்பிரிட் மக்களின் முகாம் ஒன்றும் இருந்தது. பேச்சு தண்ணீரைப் பற்றியதாக இருந்தது, கொடியைப் பற்றி இல்லை. பூர்வகுடி தலைமை தாங்கும் அமைப்புகளுக்குப் பணம் கொடுப்பது, மேடையில் அவர்களுக்கு நேரம் விடுவது, ‘இது இன்னாரின் நிலம்’ என்று கூட்டத் தொடக்கத்தில் சொல்லும் வாசகத்தை ஒப்பித்துவிட்டு மறந்துபோகாமல் இருப்பது எல்லாம் இதில் சேரும். அந்த வாசகம் சில இடங்களில் சம்பிரதாயமாகத் தேய்ந்துவிட்டது என்று பூர்வகுடிகளே குறைபட்டுக்கொள்கிறார்கள்.

இந்தத் தோழமை தானாக வந்துவிடாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டு வாக்கெடுப்புகளைப் பார்க்கலாம். 2017இல் தன்பாலினத் திருமணம் வேண்டுமா என்று அஞ்சல் வழியே கேட்டார்கள். 61.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். 2023 அக்டோபரில், அபாரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கு நாடாளுமன்றத்திடம் கருத்துச் சொல்லும் ஓர் அவையை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். முதலாவது விரும்பியவர்கள் அளித்தது, இரண்டாவது கட்டாய வாக்கு, ஆகவே நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஆறு வருட இடைவெளியில் ஒரே நாடு ஒன்றுக்கு ஆம் என்றும் மற்றதற்கு இல்லை என்றும் சொன்னது.

தொகுதிவாரியாகப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மார்டி கிரா ஊர்வலம் போகும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவை உள்ளடக்கிய சிட்னியின் நடுப்பகுதி இரண்டு முறையும் பெரும்பான்மையாக ‘ஆம்’ என்றது. 2023இல் அங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் டிவித் தீவுகளின் வாக்குப் பெட்டியிலும் ‘ஆம்’தான் விழுந்திருந்தது.